கடுவன் பூனைக்கு நீரடைப்பு: விடியும்வரை தள்ளிப்போட முடியாத நோய்

பூனை மணல் தட்டில் போய்க் குந்துகிறது. ஒரு நிமிடம் முக்குகிறது. எழுந்து மண்ணைத் தள்ளி மூடுகிறது, ஆனால் மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே. அப்புறம் குளியல் தொட்டிக்குள், கதவோர மிதியடியில், துவைக்கப் போட்ட துணிக் குவியலில் என்று இடம் மாற்றி மாற்றிக் குந்துகிறது. நடுவில் காலைத் தூக்கிக்கொண்டு அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருக்கிறது.

வீட்டில் முதலில் வரும் பேச்சு "மலச்சிக்கலா இருக்கும்" என்பதுதான். எண்ணெய் புகட்டுகிறார்கள், வேகவைத்த பூசணியை மசித்து வைக்கிறார்கள். அதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. கடுவன், அதாவது ஆண் பூனை, இப்படி முக்குகிறது, தட்டில் ஈரமில்லை என்றால் அதை நீரடைப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் என்று மருத்துவர் சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

பெண் பூனைக்கு இது அரிதாகத்தான் வரும், அதன் சிறுநீர்க் குழாய் குட்டையானது, அகலமானது. கடுவனின் குழாய் நீளம். போகப் போகக் குறுகி, குறிக்குள் போகும்போது உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே அடைக்க ஒரு மணல் துகள் போதும்.

நம் பழைய வைத்தியத்தில் கல்லடைப்பு, சதையடைப்பு என்று பிரித்துச் சொல்வார்கள். பூனைக்கும் அந்தப் பிரிவு ஓரளவு பொருந்துகிறது. கல்லடைப்பு என்றால் உண்மையான கல்: பெரும்பாலும் ஸ்ட்ரூவைட் அல்லது கால்சியம் ஆக்சலேட். சதையடைப்பு என்பதை மருத்துவர்கள் 'பிளக்' என்பார்கள்: சிறுநீர்ப்பை அழற்சியில் கசியும் சளியும் புரதமும் செத்த செல்களும் படிகத்தோடு சேர்ந்து பற்பசைபோல் இறுகிக் குழாயில் செருகிக்கொள்வது. மூன்றாவது வகைக்கு நம்மிடம் பெயர் இல்லை. கல்லும் இல்லை, பிளக்கும் இல்லை. அழற்சியில் குழாய் வீங்கி, தசை இறுகிப் பிடித்துக்கொண்டு வழியை மூடிவிடுகிறது. இதற்கு அடியில் பெரும்பாலும் இருப்பது பூனையின் மன அழுத்தம். இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் பின்னால் வரும் சாப்பாடும் மருந்தும் மாறும் என்பதால், "அடைப்பு எதனால்?" என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் மருத்துவமனையை விட்டு வராதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

சிறுநீர்ப்பை நிரம்பி டென்னிஸ் பந்துபோல் கெட்டியாகிறது. அழுத்தம் பின்னோக்கிச் சிறுநீரகம்வரை ஏறி, வடிகட்டும் வேலை நின்றுபோகிறது. வெளியேற வேண்டிய யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், அமிலம் எல்லாம் இரத்தத்திலேயே தங்குகின்றன. ஒரு நாளுக்குள் பூனை சாப்பாட்டை நிறுத்தும், வாந்தி எடுக்கும். இரண்டாம் நாளில் பொட்டாசியம் இதயத்தைத் தொடும். முழு அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். கொல்வது பெரும்பாலும் பை வெடிப்பது அல்ல, இதயம் நிற்பது.

இதில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் நாள் கத்திக்கொண்டு வீடெல்லாம் அலைந்த பூனை, இரண்டாம் நாள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சத்தமில்லாமல் படுக்கும். "வலி குறைஞ்சிடுச்சு போல" என்று நினைத்துவிடுகிறோம். காதும் பாதமும் சில்லென்று இருந்தால், நிமிர்த்தினால் தலை சாய்ந்தால், அது பொட்டாசியம் ஏறிய பூனை. மருத்துவமனை மேசையில் பயந்து நிற்கும் பூனைக்கு இதயம் நிமிடத்துக்கு 160 முதல் 220 வரை அடிக்கும். உடம்பு குளிர்ந்து, இதயத் துடிப்பு 120-க்குக் கீழே இருக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனை வருமுன்பே மருத்துவர் ஓடத் தொடங்குவார்.

கிளம்பும் முன்

வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றப் பார்க்காதீர்கள். அடைத்த பை கிழிந்துவிடும். பின் வயிற்றில் விரலை மெல்ல வைத்து உருண்டையாக, கல்லுபோல் எதுவும் தட்டுப்படுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதோடு சரி. தட்டுப்படாவிட்டாலும் போகத்தான் வேண்டும், குண்டுப் பூனையில் அனுபவமுள்ள கைக்கே சில நேரம் தட்டுப்படாது.

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் வீடுகளில் மருந்துப் பெட்டியைத் திறந்தால் கண்ணில் படுவது பனாடோ, கிராண்ட்-பா பொடி, சிட்ரோ-சோடா. மூன்றுமே வேண்டாம். பனாடோ என்பது பாரசிட்டமால். அதைச் சிதைக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு, ஒரு மாத்திரையே கொன்றுவிடும். கிராண்ட்-பாவில் அதோடு ஆஸ்பிரினும் காஃபினும் சேர்ந்திருக்கின்றன. மனிதருக்கு நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் சிட்ரோ-சோடா சிறுநீரைக் காரமாக்கும், ஸ்ட்ரூவைட் படிகம் காரத்தில்தான் செழிக்கும். ஆயா சொல்லும் பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம் எல்லாம் நீரைப் பெருக்குபவை. வாசல் அடைத்த வீட்டுக்குள் மேலும் தண்ணீரைத் திறந்துவிடுவது போலத்தான் அது.

சாப்பாடும் கொடுக்க வேண்டாம், மயக்கமருந்து போட வேண்டியிருக்கும். கூண்டில் துண்டு விரித்து, மேலே இன்னொரு துண்டால் மூடிக் கொண்டுபோங்கள். போன் செய்யும்போது "பூனைக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் நாளைக் காலைக்கு நேரம் கொடுப்பார்கள். "கடுவன், முக்குகிறது, சிறுநீர் வரவில்லை, கடைசியாக ஈரம் பார்த்தது இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். உங்கள் வெட், அதாவது கால்நடை மருத்துவர், பூட்டியிருந்தால், அவசர மருத்துவமனை ஒன்றின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருப்பவர்கள் எது இரவு முழுக்கத் திறந்திருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து வைப்பது நல்லது. இரவு இரண்டு மணிக்குத் தேட வேண்டிய எண் அல்ல அது.

மருத்துவமனையில் நடப்பதன் வரிசை

குழாயைத் திறப்பதுதான் முதல் வேலை என்று நாம் நினைப்போம். இல்லை. முதலில் இதயம். இரத்தத்தில் பொட்டாசியம் சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5.5 மில்லிமோல் வரை இருக்கும். 8-ஐத் தாண்டினால் ஈசிஜியில் டி அலை கூடாரம்போல் கூர்மையாக எழும்பும், பி அலை மறையும். அந்நிலையில் 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட்டை, ஒரு கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லி கணக்கில், ஐந்து பத்து நிமிடம் எடுத்து ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே நரம்பில் ஏற்றுவார்கள். இது பொட்டாசியத்தைக் குறைக்காது. அதன் கையிலிருந்து இதயத்தை அரை மணி நேரம்போல் காப்பாற்றி வைக்கும். அந்த இடைவெளியில் இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவார்கள்.

கூடவே டிரிப் ஓடும். "அடைச்சிருக்கிற பூனைக்கு எதுக்குத் தண்ணி ஏத்துறாங்க?" என்று கேட்பது நியாயம்தான். இரத்தத்தில் தேங்கிய பொட்டாசியத்தை நீர்க்கச் செய்ய, அமிலத்தைக் குறைக்க, விழுந்த இரத்த அழுத்தத்தைத் தூக்க அது வேண்டும். பை தாங்காது என்று தோன்றினால் வயிற்றின் வழியே மெல்லிய ஊசி விட்டுச் சிறுநீரை இழுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் குழாய்க்குள் பின்னழுத்தம் குறைந்து அடைப்பைத் தள்ளுவதும் சுலபமாகும்.

பிறகுதான் மயக்கம். இதில் கஞ்சத்தனம் கூடாது. அரை மயக்கத்தில் இறுகிய தசையோடு மல்லுக்கட்டினால் குழாய் கிழியும். கிழிந்த இடம் பின்னால் தழும்பாகி நிரந்தரமாகக் குறுகும். வால் அடியில் லிடோகெய்ன் போட்டு அந்தப் பகுதியை மரக்கச் செய்யும் மருத்துவர்களும் உண்டு, அது பெரிய உதவி. குறியை வெளியே எடுத்துப் பின்னோக்கி இழுத்துப் பிடித்தால் வளைந்த குழாய் நேராகும். 3.5 பிரெஞ்ச் அளவுள்ள, நுனி திறந்த கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்து, உப்புநீரைப் பாய்ச்சி அடைப்பைப் பைக்குள் திருப்பித் தள்ளுவார்கள். குத்தித் தள்ளுவது அல்ல, நீரின் அழுத்தத்தால் தள்ளுவது. சில நேரம் நுனியிலேயே இருக்கும் பிளக், விரலால் மெல்ல உருட்டியதும் வந்துவிடும்.

வழி திறந்ததும் பையைப் பலமுறை கழுவி, கெட்டியான முதல் கதீட்டரை எடுத்துவிட்டு மென்மையான ஒன்றை வைத்துத் தைத்து, வெளியே சிறுநீர் சேரும் மூடிய பையோடு இணைப்பார்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது வால் அடிவரை முழுக் குழாயும் படத்தில் விழ வேண்டும். வயிற்றை மட்டும் எடுத்துவிட்டு "கல் இல்லை" என்பது பாதிப் பதில்.

கதீட்டர் ஒன்று முதல் மூன்று நாள் இருக்கும். இந்த நாட்களில் மருத்துவமனைக்கு ஏன் இவ்வளவு காசு என்று கேட்பவர்களுக்குக் காரணம் இதோ: அடைப்பு நீங்கிய சிறுநீரகம் கட்டவிழ்ந்து சிறுநீரைக் கொட்டும். சாதாரணமாக ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒன்றிரண்டு மில்லி. இப்போது அது பல மடங்காகலாம். வெளியேறுவதை அளந்து அதற்கு ஈடாக டிரிப்பைக் கூட்டாவிட்டால் காப்பாற்றிய பூனை நீர்வற்றிச் சரியும். பொட்டாசியம் இப்போது எதிர்த்திசையில், அபாயமாகக் குறையும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த வெளிப்பையில் சேர்ந்ததை அளக்க ஓர் ஆள் வேண்டும். இரவில் ஆள் இல்லாத மருத்துவமனையில் கதீட்டரோடு பூனையை விடுவதைவிட, இரவுக்கு மட்டும் அவசரப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

கதீட்டரை எப்போது எடுப்பது? சிறுநீர் தெளிந்து, கிரியாட்டினின் இறங்கி, சுரப்பு அளவு இயல்புக்கு வந்த பிறகு. எடுத்தபின் தானாகப் பெரிய அளவில் ஒருமுறையாவது போகவேண்டும், அதைப் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

மருந்துச் சீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரும்பாலான இளம் பூனைகளின் சிறுநீரில் கிருமி இருப்பதில்லை. கதீட்டர் இருக்கும்போதே ஆன்டிபயாடிக் கொடுப்பது எதிர்ப்புள்ள கிருமியைத்தான் வளர்க்கும். கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை, செய்து கிருமி தெரிந்தால் கொடுக்கட்டும். குழாயைத் தளர்த்த என்று பல வருடமாகப் பிரசோசின் எழுதிவந்தார்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு 388 பூனைகளின் பதிவுகளை அலசியது. பிரசோசின் வாங்கிய பூனைகளுக்கு அடைப்பு திரும்புவது குறையவில்லை, அதிகமாகத்தான் இருந்தது. அதனால் உங்கள் சீட்டில் அது இருந்தால் ஏன் என்று கேட்பதில் தப்பில்லை. வலிமருந்தை மட்டும் குறைக்க விடாதீர்கள். வலி இருந்தால் தசை இறுகும், இறுகினால் திரும்ப அடைக்கும்.

காசு போதாதபோது

சரியான நேரத்தில் சேர்த்து முழுச் சிகிச்சையும் கிடைத்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கின்றன. ஆனால் எல்லோரிடமும் முன்பணம் இருக்காது. அதை வெட்கப்படாமல் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் வேறு வழிகள் உண்டு. மயக்கத்தில் அடைப்பை நீக்கி, கதீட்டர் வைக்காமல் அன்றே அனுப்புவது ஒன்று. திரும்ப அடைக்கும் வாய்ப்பு இதில் கூடுதல். கதீட்டரே இல்லாமல், வலிமருந்தும் தளர்த்தும் மருந்தும் கொடுத்து, ஊசியால் அவ்வப்போது பையை இறக்கி, இருட்டான அமைதியான கூண்டில் வைத்துத் தானாகப் போகவைப்பது இன்னொன்று. 2010-இல் வெளியான ஆய்வில் இப்படிப் பார்த்த 15 பூனைகளில் 11 தேறின. மீதி நான்கில் வயிற்றுக்குள் சிறுநீரோ இரத்தமோ கசிந்தது. கல் இருக்கும் பூனைக்கும், பொட்டாசியம் ஏறிய பூனைக்கும் இது ஆகாது. வருமானம் குறைந்தவர்கள் விலங்கு நல அமைப்பான எஸ்பிசிஏவின் அருகிலுள்ள கிளையைக் கேட்கலாம். இன்சூரன்ஸ் எடுப்பதானால் நோய் வருமுன் எடுக்கவேண்டும். ஒருமுறை அடைத்த பிறகு எடுக்கும் பாலிசி பெரும்பாலும் இதை விலக்கிவிடும்.

எந்த வழியும் இல்லையென்றால் கருணை ஊசி, அடைத்த பூனையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவதைவிட நூறு மடங்கு நல்லது. அந்தச் சாவை ஒருமுறை பார்த்தவர் யாரும் இதில் மாற்றிப் பேசமாட்டார்.

வீட்டில் முதல் இரண்டு வாரம்

திரும்ப அடைக்கும் அபாயம் இந்த இரண்டு வாரத்தில் அதிகம். பூனையைத் தனி அறையில், தனித் தட்டோடு வையுங்கள். வேறு பூனை இருந்தால் யார் போனது என்று தெரியாமல் போகும். கட்டியாகும் மணலாக இருந்தால் கட்டிகளை எண்ணலாம்: நாளுக்கு இரண்டு முதல் நான்கு, ஒவ்வொன்றும் நல்ல எலுமிச்சை அளவு. கோலிக்குண்டு அளவில் பத்துக் கட்டி கிடந்தால் அது நல்ல செய்தி அல்ல. எண்ணிக்கையை ஒரு தாளில் நேரத்தோடு எழுதுங்கள், வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றிச் சுத்தம் செய்தால் மூவரும் "நீ பார்த்திருப்பே" என்று நினைத்துவிடுவார்கள்.

இரண்டு மூன்று நாள் லேசான சிவப்பும் கொஞ்சம் முக்கலும் இருக்கலாம், ஓட்டம் இருக்கும்வரை பயமில்லை. முக்கியும் வரவில்லை என்றால் உடனே, முக்காமலே பன்னிரண்டு மணி நேரம் தட்டு காய்ந்திருந்தால் அப்போதும் கிளம்புங்கள். நக்காமலிருக்க மாட்டிவிட்ட கூம்புக் கழுத்துப் பட்டையைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள், நக்க நக்க வீங்கும். பியூப்ரெனார்ஃபின் என்ற வலிமருந்து கொடுத்திருந்தால் அதை விழுங்க வைக்கக் கூடாது. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடவேண்டும். வாயின் ஈரத்தோல் வழியாக ஏறுவதுதான் வேலை செய்யும்.

இத்தனை பார்த்தும் இரண்டு மூன்று முறை திரும்பினால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். குறுகிய நுனிப் பகுதியை நீக்கி, குழாய் அகலமாக இருக்கும் இடத்தில் புது வாசல் வைப்பது அது. பழகிய கை வேண்டும். லாடியம் பக்கம் இருப்பவர்களுக்கு ஓண்டர்ஸ்டெபூர்ட் பல்கலைக்கழக மருத்துவமனை பிரிட்டோரியாவிலேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அறுவை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஆறும்வரை மணல் கூடாது, கிழித்த காகிதம்தான். இந்த அறுவை அடைப்பைத் தடுக்கும்; கல் உருவாவதையோ அழற்சியையோ தடுக்காது, கிருமித் தொற்று முன்பைவிடச் சுலபமாக வரும்.

தண்ணீர்க் கணக்கு

4 கிலோ பூனைக்கு நாளுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். 60 கிராம் உலர் தீனியில் இருப்பது ஆறு மில்லிபோல். மீதியைப் பூனை குடித்தாக வேண்டும், குடிக்காது. அது பாலைவனத்து வம்சம், தாகம் தெரியவே தாமதமாகும். 85 கிராம் ஈர உணவுப் பவுச் ஒன்றில் 68 மில்லி இருக்கிறது. மூன்று பவுச் சாப்பிட்டால் கணக்கு முடிந்தது. அதோடு பவுச்சுக்கு ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீர் கலந்தால் இன்னும் நல்லது. நீர்த்த சிறுநீரில் படிகம் எளிதில் சேராது, அழற்சி உள்ள பையை அவ்வளவாக எரிக்கவும் செய்யாது.

சிறுநீர் உணவு என்று விற்கும் ஹில்ஸ் சி/டி, ராயல் கேனின் யூரினரி எஸ்/ஓ போன்றவை ஸ்ட்ரூவைட்டைச் சில வாரத்தில் கரைக்கும். ஆக்சலேட் கல் எதிலும் கரையாது, எடுத்தாக வேண்டும். இந்த உணவு கொடுக்கும்போது அதை மட்டும்தான் கொடுக்கவேண்டும். பக்கத்தில் ஒரு கரண்டி டின் மீன் கறி வைத்தால் உணவின் கணக்கே கெட்டுவிடும். அந்தக் கறியில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை உடைப்பவை என்பது தனிக் குற்றம். மாற்றத்தை ஒரு வாரம் பத்து நாள் எடுத்துச் செய்யுங்கள். மருத்துவமனைக் கூண்டிலேயே புது உணவைத் திணித்தால், அந்த வாசனையையே வலியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு பிறகு தொடாது.

குழாய்த் தண்ணீர் நிற்கும் நாட்களில் மனிதர்களுக்கு வாளி நிரப்பும்போது பூனையின் கிண்ணத்தை மறந்துவிடுகிறோம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் லாரித் தண்ணீரில் வாழ்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவின் ஜூலைக் குளிரில் கிண்ணத்துத் தண்ணீர் பனிபோல் இருக்கும், அதையும் குடிக்காது. வெதுவெதுப்பாக மாற்றி வையுங்கள்.

வெடிச்சத்தக் காலம்

கல்லும் கிருமியும் இல்லாமல் அடைத்த பூனைக்கு மருந்து பாதி, வீட்டின் நிம்மதி பாதி. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, அதுவும் ஒரே மூலையில் வரிசையாக அல்ல. ஒன்று மற்றதை வழிமறிக்க முடியாதபடி வேறு வேறு அறையில். ஏறி ஒளிய உயரமான இடம் ஒன்று. எடை கூடியிருந்தால் மெதுவாகக் குறைக்க வேண்டும். பட்டினி போட்டால் கல்லீரல் கொழுத்துவிடும்.

டர்பனில் மோசமான காலம் தீபாவளியும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவும். சில வருடம் இரண்டும் அடுத்தடுத்து வந்து ஒரு வாரம் முழுக்க வெடிக்கும். காவடி நாட்களில் வீடு நிறைய விருந்தாளி, பூனையின் அறையில் யாரோ படுத்திருப்பார்கள், தட்டு இடம் மாறியிருக்கும். இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த தேதிகள். ஒரு வாரம் முன்பே சன்னல் குறைந்த அறை ஒன்றைத் தேர்ந்து, தட்டும் ஈர உணவும் அங்கேயே வைத்துப் பழக்குங்கள். அடைப்பு வந்த பூனை என்றால் காபபென்டின் போன்ற அமைதி மருந்து வேண்டுமா என்று வெட்டிடம் முன்பே கேட்டு வாங்கி வையுங்கள். வெடி தொடங்குமுன் சாப்பாடு கொடுத்து, பூனையை அறைக்குள் விட்டு, திரையை மூடி, ரேடியோவைப் போட்டுவிடுங்கள். மறுநாள் காலை எண்ணெய்ச் சட்டியைக் கழுவுமுன் அந்த அறைக்குப் போய்த் தட்டில் எத்தனை கட்டி என்று எண்ணுங்கள்.